கசியக் கட்டிய கூரை

நட்சத்திரம் தெரியணும் என்றார்.
இருபத்தாறு வருசமாய்ப் பந்தல் போடுகிறேன்,
ஒழுகினால் பாக்கி தரமாட்டேன் என்றவர்கள்தான்
இதுவரைக்கும்.

பொன்மேனி, மொட்டைமாடி.
பம்பாய்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த
வங்கி மேனேஜரம்மா, பெயர் ஷெரோன் தல்கர்.
யூதர்கள் என்றார். ஏழு நாள் பண்டிகையாம்.
"கூரை வேணும் ஒச்சப்பன். ஓட்டையும் வேணும்."

அளவு கேட்டேன்.
வெயிலைவிட நிழல் கூட இருக்கணும்,
மழை வந்தால் உள்ளே வரணும்,
தகரம் ஆகாது, தார்ப்பாய் ஆகாது,
மண்ணில் முளைத்தது மட்டும்.
இதற்கு முழுக் கூலியா, முக்கால் கூலியா?

கிடுகை வரிசையாய் வேய்ந்துவிட்டு
அங்கொன்று இங்கொன்று உருவினேன்.
"யண்ணே, யாராச்சும் பாத்தா
நம்ம பேரு என்னாகும்?" என்றான் பெரியகருப்பன்.
நான் மேலே பார்க்கவில்லை.

ஈச்சங்குருத்து ஒன்று கேட்டிருந்தார்.
கல்யாண வீட்டுக் கை, கிழிக்கப் போய்விட்டது.
"ஐயோ, கிழிக்காதீங்க!"
விரியாத குருத்தை விரியாதபடியே பிடித்து
நாலு திக்கும், மேலும் கீழும் ஆட்டுவார்களாம்.
கூடவே பஞ்சில் பொதிந்து கூரியரில் வந்த
கடாரங்காய் மாதிரி ஒரு பழம்.
ஊறுகாய்க்கா என்றேன்.
மோந்து பார்க்க, என்றார்.
மோந்தேன். விலையைக் கேட்டதும் கீழே வைத்தேன்.

எதுக்கும்மா இதெல்லாம்?

"நாப்பது வருசம் வனாந்தரத்தில் குடிசையில் இருந்தோம்."
பட்டா இல்லாமலா?
சிரித்தார். "பட்டா இல்லாமத்தான்."
நான் சிரிக்கவில்லை.
என் வீடு கண்மாய்ப் புறம்போக்கு.
வருசம் தவறாமல் நோட்டீஸ் வரும்,
அதற்கும் ஏழு நாள்தான் கெடு.

காந்தி ஜெயந்தி அன்று சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்.
வங்கி லீவு, ஒயின்ஷாப் லீவு,
பெரியகருப்பன் சட்டை மாற்றி வந்திருந்தான்.
கேஷியர் வகிதா பானு, வாட்ச்மேன் இருளாண்டி,
எல்லோரும் ஓலைக்குக் கீழே ஒரே ஜமுக்காளத்தில்.
உலர்திராட்சையை ராத்திரியே ஊறப்போட்டுப்
பிழிந்த சாறு, வெள்ளி டம்ளரில்.
அம்மா அதை ஏந்தி ஏதோ சொன்னார்,
அந்தப் பாஷை எங்களுக்குப் புரியவில்லை,
ஆனால் எல்லோரும் வாயை மூடியிருந்தோம்.
மகன் ஈதன் காலையில் பள்ளிக்கூடத்தில் போட்ட
காந்தி வேசத்தைக் கழற்றவே மாட்டேன் என்று
கம்பும் கண்ணாடியும் மை மீசையுமாய் வந்து உட்கார்ந்தான்.

இரண்டாம் உருண்டை வாயில் இருக்கையில்
நாகமலைப் பக்கமிருந்து கறுத்து வந்தது.
முதல் சொட்டு என் பருப்பில்.

"சோறு கெடுற அளவு பெஞ்சா
எழுந்து போகலாம், அனுமதி உண்டு" என்றார் அம்மா.
யாரும் எழவில்லை.
நான் எழுந்தேன். பழக்கம்.
ஆட்டோவில் எப்போதும் ஒரு தார்ப்பாய் கிடக்கும்,
படி இறங்கி எடுத்துக்கொண்டு மேலே வந்தால்
வகிதா இலையை மடியில் வைத்து முந்தானையால் மூடியபடி
சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்,
இருளாண்டி அண்ணாந்து பார்க்கிறார்,
திராட்சைச் சாற்றில் மழை குதிக்கிறது.

எவ்வளவு நேரம் நின்றேனோ.
பிறகு தார்ப்பாயை மடித்து
அதன்மேலேயே உட்கார்ந்தேன்.

நான் கட்டிய பந்தலில்
நானே நனைவது இதுதான் முதல் தடவை.
ஒருத்தரும் திட்டவில்லை.
ஈதனின் மீசை கரைந்து
மோவாய்க்கு வந்திருந்தது.