எழுபது விழுக்காடு

உரிம வரைபடத்தில் சிவப்புக் கோடு
ஓக் மரத்தோடு நின்றுவிடுகிறது.
டெல்பர்ட் ரொசெல் நிற்கவில்லை.
பதினோரு மீட்டர் தாண்டி வெட்டியிருந்தார்.

"கல் அந்தப் பக்கம் போச்சு, பின்னாலேயே போனேன்" என்றார்,
வேலி தாண்டிய மாட்டைச் சொல்வதுபோல.

அபராதம் கட்ட வந்த அன்று
எங்கள் அலுவலகப் படியில் குனிந்து
நீலக்கல்லைக் கட்டைவிரலால் தேய்த்தார்.
"இது அந்தப் பதினோரு மீட்டரில் வந்ததுதான்."
கோப்பில் அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு இரண்டு வருடம்.
செங்குத்தை உடைத்துச் சரிவாக்கினார்.
ஒதுக்கிக் குவித்த மேல்மண்ணில்
நரி குட்டி போட்டிருந்தது;
ஜூன் முழுக்க புல்டோசர் சும்மா நின்றது.
தாமதத்துக்கு இன்னொரு நோட்டீஸ் அனுப்பினேன்.
வைக்கோல், கிளோவர் விதை.
சஸ்குவெஹானா மழை பாதியை அள்ளிப்போனது.
மறுபடி தூவினார்.

இன்று சரிவில் சட்டத்தைக் கண்மூடி வீசி
விழுந்த இடத்தில் பச்சையை எண்ணுகிறேன்.
எழுபது விழுக்காடு இருந்தால்
அவர் ஈட்டுத்தொகை திரும்பும்.

அறுபத்தெட்டு.

அவர் கேட்கவில்லை.
வண்டியருகே பூட்ஸிலிருந்து மண் தட்டுகிறார்,
தட்டிய மண்ணை மறுபடி சரிவில் போடுகிறார்.

குனிந்து சட்டத்தை எடுக்கிறேன்.
நாலு மரத்துண்டு, எடை ஒன்றுமில்லை.
மூன்று வீச்சு வரை
விதியில் இடமிருக்கிறது.