கிரேஃபெல்ட் வரைக்கும்

டூசல்டோர்ஃபில், பெரிய கடைத்தெருவுக்கு
இரண்டு சந்து பின்னால் எங்கள் கடை.
அலுத்துப்போய் விற்ற பைகள்,
உரியவர் செத்துப்போன மணிக்கூடுகள்.
நான் கீறல் எண்ணுகிறவன்.
பூதக்கண்ணாடி, பருத்திக் கையுறை,
ஏ, பி, சி என்று தரம் எழுத ஒரு பென்சில்.

ஏன் வாங்குகிறார்கள் என்று
முதலாளி ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்.
விலை குறைவு.
இப்போதெல்லாம் இப்படித் தைப்பதில்லை.
பூமிக்கு நல்லது. இதைச் சொன்னவர்
வாசலில் நிறுத்திய வண்டிக்கு எட்டு சிலிண்டர்.
எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

பல் வைத்தியர் ஆன்னெக்ரெட் ஃபோஸ்பெக்
நவம்பர் மழையில் தன் பழுப்புப் பையோடு திரும்பி வந்தார்.
கைப்பிடிக் கறையை நாங்கள் துடைத்துவிட்டோமாம்.
"நேற்று வாங்கினதுபோல இருக்கிறது" என்றார்,
சோற்றில் கல் கடித்த முகத்தோடு.
பட்டறையில் எல்கே
தேயிலைச் சாயமும் உள்ளங்கை எண்ணெயுமாய்
மூன்று நாள் தேய்த்து
யாரோ முப்பது வருடம் பிடித்த பிடியைத்
திரும்ப வரவழைத்தாள்.
மேற்கொண்டு எண்பது யூரோ.
மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

புதுசு,
நீ வாங்கினாய் என்று ஊருக்குச் சொல்லிவிடும்.
பழசு வாய் திறக்காது.
வழிவழியாய் வந்தது என்று நீ சொன்னால்
அதுவும் ஆமாம் போடும்.
இதை அந்தத் தாளில் நான் எழுதவில்லை.

நானும் ஒன்று எடுத்தேன், ஊழியர் தள்ளுபடியில்,
ஆறு மாதத் தவணைக்கு.
அறுபத்தெட்டாம் ஆண்டு மணிக்கூடு, சாவி கொடுப்பது,
ஏழுமணிப் பக்கம் நகம் பட்டதுபோல ஒரு கீறல்.
தரம் பி. நானே எழுதியது.

வுப்பர்டாலில் கபிலாஷின் கலியாணம்.
பக்கத்துக் கதிரைக்காரர்
என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்.
"அப்பரின்ரயோ?"
வாய் நிறையக் கத்தரிக்காய்ப் பொரியல்.
தலை தன்பாட்டில் ஆடிவிட்டது.

எதிரே அப்பா.
ரயில் நிலையத்தில் இருபது வருடம் தரை கழுவியவர்.
தலைக்கு மேல் அங்கே பெரிய மணிக்கூடு தொங்கும்;
சொந்தமாய் ஒன்று எதற்கு என்பார்.
அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டபடி
"ஓம், நான்தான் குடுத்தனான்" என்றார்.
"கவனமாய் வைச்சிருக்கிறான்."

திரும்பும்போது காரில் கனநேரம் பேச்சில்லை.
நெடுஞ்சாலைக்கு முந்திய சிவப்பு விளக்கில்
கையை நீட்டினார்.

"கழட்டித் தா.
கிரேஃபெல்ட் வரைக்கும் நான் கட்டுறன்.
பிறகு நீ சொன்னது பொய்யில்லை."