தெறி

பொத்தானை எங்கள் பக்கம் தெறி என்போம்.
ஓபர்ஹவுசன் அரங்கின் பின்கட்டில்
இரவுக்கு ஏழு தெறி தைக்கிறேன்,
தெறிப்பதற்காகவே.
ஒற்றை நூல். முடிச்சுக் கிடையாது.
மூன்றாம் பாட்டின் நடுவில் யோரிஸ்
இரண்டு கையாலும் சட்டையை இழுப்பான்.
பன்னிரண்டாயிரம் தொண்டை ஒன்றாய்த் திறக்கும்.
உருண்டோடும் தெறிகளை முன்வரிசை பொறுக்கும்.

இது ஒப்பந்தத்தில் இருக்கிறது.
உடுப்புப் பகுதிக்கு வரும் தாளை மட்டும்
நான் வாசித்திருக்கிறேன்:
சட்டை, வெள்ளை, நாளுக்கு ஒன்று.
கிழிகிற சத்தம் மைக்கில் கேட்கவேண்டும்.

அவனுக்கு இருபத்து மூன்று.
ஊசி கிட்ட வந்தால் கண்ணை மூடிக்கொள்வான்.

போன செவ்வாய் ஒரு படம் வந்தது.
எசனில் ஒரு மாடிவீட்டு வாசல், விடிகாலை,
சப்பாத்தைக் கையில் பிடித்தபடி அவன்.
மேலே ஜன்னலில் ஒரு பெண்ணின் முழங்கை.
முழங்கை மட்டும்.
பொழுது சாய்வதற்குள்
அழுக்கு என்றார்கள்,
கண்டவள் தொட்டது என்றார்கள்,
எங்களுக்கென்று இருந்தவன் எச்சிலாகிவிட்டான் என்று
ஒரு பிள்ளை அழுதே சொன்னாள்.
பெண்களுக்கென்று வெட்டித் தைத்த சொற்கள் அவை.
எனக்கு அளவு தெரியும்.
ஆணுக்கும் அப்படியே பொருந்துகின்றன,
தோளில் மட்டும் கொஞ்சம் விடவேண்டும்.

ஒளிக்க என்ன இருக்கிறது,
நானும் டிராமில் அந்தப் படத்தைப் பார்த்துச்
சீ என்றுதான் சொன்னேன்.
மூன்று மாதமாய் அவன் மார்பைத் திறந்து
சம்பளம் வாங்குகிறவள்.

டோர்ட்முண்டில் தடுப்புக் கம்பிக்கு மேலால்
ஒரு கை அவன் இடுப்புப்பட்டிக்குள் இறங்கியது.
நகக்கீறலோடு வந்தான். டெட்டோல் பூசிவிட்டேன்.
கொடுத்து வைத்த பயல் என்று
காவலுக்கு நின்ற ஹோல்கர் சிரித்தார்.
அந்தக் கையை
ஒருவரும் அழுக்கென்று சொல்லவில்லை.

முன்னால் பாடுகிற மாலினுக்கு நடந்திருந்தால்
பொலிஸ் வந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
வந்திருக்காது.
அவள் பாவாடையைக் குறுக்கியதும் நான்தான்.
ஏன் அப்படி உடுத்தாய் என்று அவளைக் கேட்பார்கள்.
எப்படி இருந்தது என்று அவனைக் கேட்பார்கள்.
இரண்டு கேள்விக்கும் ஒரே துணி.

இன்று அல்பிரெக்ட் அம்மா வந்து
கழுத்து வரை மூடு என்றார்.
ஒரு மாதம் அடக்கமாய் இருக்கட்டும்,
பிறகு பார்க்கலாம்.
மன்னிப்புத் தாளை அவனிடம் நீட்டினார்.
உங்கள் மனதைப் புண்படுத்தினேன்,
உங்கள் மனதைப் புண்படுத்தினேன்,
கண்ணாடிக்கு முன் பாடமாக்கினான்.
யாரை என்று தாளில் இல்லை.
நான் தைத்தேன்.
நாலு நூல், கால் சுற்றி, முடிச்சு,
பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற மாதிரி.

மூன்றாம் பாட்டு.
பழகிய கை தானாய் மேலே போனது.
இழுத்தான்.
என் நூல் விடவில்லை.

அரங்கம் ஒரு நொடி மூச்சுப் பிடித்தது.
பிறகு இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல்,
அப்புறம் எல்லாம்:
கழற்று. கழற்று. கழற்று.
எச்சில் என்ற அதே வாய்களா
என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை,
இருட்டில் வாய்கள் ஒரே மாதிரி.
மேளக்காரன் தாளத்தைத் தவறவிட்டான்.
யோரிஸ் நடுத்தெறியைப் பிடித்தபடியே
பாட்டை முடித்தான்.

உள்ளே வந்து கையை விரித்தான்.
நாலு துளையோடு ஒரு வட்டம்
உள்ளங்கையில் பதிந்து சிவந்திருந்தது.
காட்டவேண்டும் என்று காட்டவில்லை,
தண்ணீர்ப் போத்தலைத் திறக்கத்தான் விரித்தான்.
நானே திறந்து கொடுத்தேன்.

நாளை ஹனோவர்.
மேசையில் துண்டுத்தாள், அல்பிரெக்ட் அம்மாவின் கையெழுத்து:
பழையபடி ஒற்றை நூல்.
ஒரு மாதம் ஓர் இரவில் முடிந்துவிட்டது.
ஊசிக்காதில் நாலு நூல்
இன்னும் தொங்குகிறது.