ஆகஸ்ட் இருபத்துமூன்று

ஆண்டு மழை சராசரியை எட்டிவிட்டதாம்.
வானொலியில் சொன்னார்கள்.
பொய்யில்லை. கூடாரத்துக்கு வெளியே
பால்வாளியில் நானும் அளந்தேன்:
மூன்று விரற்கிடை.

ஆனால் ஜூன் முழுக்க மண்
வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.
ஜூலை மேகங்கள்
வேறு வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி
எங்களைப் பார்க்காமல் மலைக்கு அந்தப் பக்கமாகக் கடந்தன.
அப்போது முளைத்திருக்க வேண்டும் புல்.
கதிர் விட்டு, விதை கொட்டி,
மஞ்சளாய் முற்றி விறைத்து நின்று
தையில் பனிக்கு மேலே தலை நீட்டி
ஆட்டு வாய்க்கு எட்டியிருக்க வேண்டும்.

வந்தது ஆகஸ்ட் இருபத்துமூன்று, இரவு.
கூடார உச்சித் துணியை இழுத்து மூட
கோம்போசூரன் எழுந்து ஓடினான்.
ஈரத் தலையோடு திரும்பி வந்து சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.
விளக்கு இல்லை, அவனுக்குத் தெரியாது.

வாங்கிய கடனை ஒருவன்
வட்டியோடு எண்ணி வைக்கிறான்,
பிணம் எடுத்த மறுநாள்.

ஒன்பதாம் நாள் கோபி பச்சை.
குளம்பு பட்ட இடமெல்லாம் காட்டு வெங்காயம்.
பாலில் அதன் வாசம், தயிரில், என் நகக்கண்ணில்.
ஆழ வேரோடிய கரகானா முள் மட்டும்
எதையும் நம்பாமல் பழைய நிறத்தில்.

வெள்ளாடுகள் ஓரிடத்தில் நிற்கவில்லை.
இந்த மேட்டைவிட அந்த மேடு பச்சை,
அதைவிட அதற்கப்பால்.
தின்றதைவிட நடந்தது அதிகம்.
மாலையில் ஒரு கிடாவைப் பிடித்துத் தடவினேன்.
வயிறு பானை. முதுகு சீப்பு.

லாரியோடு வந்த லுவ்சான்,
"இவ்வளவு பச்சையை வைத்துக்கொண்டு
யாராவது விற்பார்களா?" என்றான்.
அதே வாயால்
ஆடு மெலிவு என்று விலையைக் குறைத்தான்.
எழுபது தலை.
நான் எண்ணி ஏற்றினேன்.
கோம்போசூரன் லாரிக் கதவின் துருவை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.
அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

செப்டம்பர் பதினொன்று.
வெங்காயத் தாள் விடியலில் கண்ணாடி,
மதியம் கறுத்த கூழ்.
மஞ்சள் என்றொரு நிறம்
இந்த வருஷம் இந்தப் பக்கம் வரவே இல்லை.
குனிந்து ஒரு புல்லை இழுத்தேன்.
முழுசாய்க் கையோடு வந்தது,
கதிரில்லாமல்,
நூலளவு வேரோடு.

பக்கத்தில் செருப்புச் சத்தம்.
என் கையிலிருந்து அதை வாங்கி
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஆறு நாளுக்கு அப்புறம் அவன் முதல் பேச்சு:

"எழுபது போதுமா?"