உனக்குக் காய்

எங்கள் ஊருக்குப் பெயரே நண்பன்.
கலீல்.
உன் நண்பன் இப்ராஹீம் இங்கே உறங்குகிறார்,
அவர் பெயரில் நாள் தவறாமல் கஞ்சி.
இருபத்திரண்டு வருஷமாக அந்த அண்டாவைக்
கிண்டுகிறவன் நான்.

சுபுஹுக்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்து
குருணைக் கோதுமை கொதிக்கும் சத்தத்தில்
உன்னோடு பேசுவேன்.
துஆ என்று அதைச் சொல்ல முடியாது.
முதுகுவலி, கேஸ் விலை,
சோதனைச் சாவடியில் ஜவ்தத்தை
நிறுத்திவைத்த மூன்று மணி நேரம்,
மகள் இன்னும் போன் செய்யாதது.
நீ பதில் சொன்னதில்லை.
சில நாள் அகப்பை மட்டும்
யாரோ கூடப் பிடித்ததுபோல் லேசாகும்.
அது போதும் என்றிருந்தேன்.

இன்று வரிசையில் ஷுக்ரி.

உனக்குத் தெரியாதா என்ன.
என் தம்பியின் கையெழுத்தை அவன் போட்டது,
மேட்டுத் திராட்சைத் தோட்டம் கைமாறியது,
தம்பி அம்மானுக்குப் போய்
அங்கேயே மண்ணானது.
அந்த வழக்குக்கு உன்னைத்தானே சாட்சி வைத்தேன்.
நீ வரவில்லை.
இப்போது வந்திருக்கிறாய்,
அவன் வாளியின் கைப்பிடியில்
மறுபாதியைப் பிடித்துக்கொண்டு.

ஓர் ஊரையே அழிக்கப்போவதாக
இப்ராஹீமிடம் முன்கூட்டிச் சொன்னாயாம்.
ஏன் சொன்னாய்?
அவர் வழக்காடுவார் என்று தெரிந்துதானே.
நான் அழிக்கச் சொன்னது
ஓர் ஆளை மட்டும்தான்.

எஜமானிடம் வேலை பார்ப்பது சுலபம்.
சொன்னதைச் செய்தால் கூலி, வீட்டுக்குப் போகலாம்.
நண்பனாக இருப்பதில்தான் சிக்கல்:
உன் மற்ற நண்பர்களும்
வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

அண்டாவில் மேலே தண்ணீர், அடியில் கறி.
வேண்டியவர்களுக்கு அகப்பை அடிவரை போகும்;
எந்தச் சமையல்காரனுக்கும் தெரிந்த ரகசியம்.
மேலாக மொண்டேன்.
அவன் வாளியை நீட்டினான், தலை நிமிரவில்லை.
வாளிக்குள் ஒரு திராட்சைக் கொத்து.
எந்தக் கொடியில் பறித்தது என்று கேட்கவில்லை.
எடுத்துத் தோள்துண்டில் சுருட்டினேன்.
அகப்பை திரும்பவும் அண்டாவுக்குள் போனது.
எதுவரை போனது என்று சொல்லமாட்டேன்,
நீ பார்த்துக்கொண்டுதான் நின்றாய்.
திரும்பிப் போகையில்
அவன் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம்
உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.
அடிமை முறைத்துக்கொள்ள முடியுமா?
நான் முறைத்துக்கொள்வேன்.
சின்னப்பிள்ளைகள் மாதிரியே சொல்கிறேன்:
உனக்குக் காய்.

ராத்திரி துண்டை விரித்துப் பார்த்தேன்.
கொத்தில் பாதி கறுத்திருந்தது, பாதி பச்சை.
பச்சையில் ஒன்றை வாயில் போட்டேன்,
கண் சுருங்கியது.
மீதியை ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
நாலு மணிக்கு அடுப்பு.
கிளம்பும்போதே ஜவ்தத்திடம் சொல்லிவிட்டேன்,
நாளைக்குக் கோதுமை
ஒரு படி கூட.