கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கம்

முதல் நகர்த்தலாக
ராஜா பக்கத்துக் குதிரையின் முன்னால் நிற்கும் சிப்பாயை
ரெண்டு கட்டம் தள்ளுகிறேன்.
பௌலோஸ் கட்டஞ்சாயாவை ஊதிக்கொண்டே
"ஆத்மஹத்ய" என்கிறான்.

புளியரை எடைமேடையில் எனக்கு இரவு முறை.
அவனுக்கு வாரம் ரெண்டு நடை,
புனலூருக்கு வைக்கோல்.
சீட்டு அடித்துக் கொடுத்த பிறகும்
வண்டி சூடு ஆறட்டும் என்பான்.
காந்தப் பலகை.
தொலைந்துபோன கறுப்புச் சிப்பாய்க்குப் பதில்
ஒரு லாரி நட்டு.
அது மட்டும் ஒட்டாது.
டிப்பர் கடக்கும்போதெல்லாம்
தானாகவே அரைக்கட்டம் ஆடும்.

எனக்கு யானை, அவனுக்குத் தேர்.
எனக்கு மந்திரி, அவனுக்கு ஆனை.
என் ராணிதான் அவனுக்கு மந்திரி.
"மந்திரி போயி!" என்று அவன் கத்த,
என் மந்திரி ரெண்டும் பத்திரமாக நிற்பதைப் பார்த்துச்
சிரித்திருக்கிறேன்.

தள்ளிய சிப்பாயை
ரெண்டாவது நகர்த்தலிலேயே அவன் ஆனை தின்றுவிடும்.
தின்னட்டும்.
அது நின்ற கட்டத்துக்குப் பின்னால் என் மந்திரி படுத்துக்கொண்டு
பலகைக்குக் குறுக்கே
அவன் மூலைத் தேரையே பார்த்துக்கொண்டிருக்கும்,
பெரும்பாலும் பார்த்துக்கொண்டே செத்துப்போகும்.

போனில் பாடம் எடுக்கிறவர்கள்
நடுக்கட்டத்தைப் பிடி என்கிறார்கள்.
சரக்கோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை
ராத்திரி முழுக்க எடை போடுகிறவன் நான்.
இங்கேயுமா?

பேர்கூட வைத்திருக்கிறேன்.
குதிரை ஓரத்துக்கு ஓடினால் ஆரியங்காவு ரயில்.
ரெண்டு கரைச் சிப்பாய்களும் கிளம்பினால் எஸ் வளைவு.
ராஜாவே எழுந்து வெளியே வந்தால்
சாயா குடிக்க.
நாற்பத்தோரு ஆட்டத்தில் மூணு ஜெயம்,
அதில் ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல்.

ஒரே ஒருமுறை ஒழுங்காக ஆடினேன்.
நடுச் சிப்பாய், குதிரை, மந்திரி, கோட்டை கட்டி
அவனைச் சமன்வரை இழுத்துவிட்டேன்.
பௌலோஸ் பலகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.
"குத்தாலிங்கம், எந்து பற்றி?
வீட்டில ஆர்க்கும் சுகமில்லே?"

இன்றைக்குச் சாரல்.
மேலே மரம் விழுந்து பாதை அடைப்பு.
எடைமேடையிலிருந்து தோப்பு வரைக்கும் லாரி.
வெள்ளை அவனுக்கு.
ரொம்ப நேரம் தாடியைச் சொறிந்துவிட்டு
ராஜா பக்கத்துக் குதிரையின் முன்னால் நிற்கும் சிப்பாயை
ரெண்டு கட்டம் தள்ளுகிறான்.
சிரிக்கவில்லை.

தின்னலாமா,
இந்தப் பக்கமிருந்து அதை நான் பார்த்ததே இல்லை.

பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன்.
மரத்தை எடுத்துவிட்டார்களாம்.
நட்டு ஆடுகிறது.
ஒற்றை விரலால் அதை அழுத்திப் பிடித்தபடி
"நீ களி" என்கிறான் பௌலோஸ்.