தூர்ப்பு

ஏப்ரல் முழுக்க வெண்ணாற்றுக் கிளைகளில்
தூர் வாரிய பில்லுக்குக் கையெழுத்து.
மே மாதம் லீவு போட்டு,
தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில்,
இரண்டு வாய்க்காலைத் தூர்க்க வந்திருக்கிறேன்.

மூக்கோரம் தொடங்கி வாய்க்கடை வரை
வெள்ளைப் பென்சிலால் அலைன்மென்ட் போடுகிறார்
டாக்டர் மெஹருன்னிசா.
இடப்பக்கம் ஆழம் கூடுதலாம்.
அந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவீங்களா?
இல்லை.
கான்ட்ராக்டர்கள் உட்காரும் பக்கம்.

கெட்டி ஜெல் பதினெட்டு மாதம்,
இளகினது ஒன்பது.
பிடிக்காவிட்டால் இரண்டையும் கரைக்க
ஊசி உண்டு.
அப்புறம்?
மறுபடி போடணும் மேடம்.

வருடாந்திரப் பராமரிப்பு!
சிரித்துவிட்டேன்.
‘அசையாதீங்க’ என்று
கோணிப்போன கோட்டைத் துடைத்து
முதலிலிருந்து வரைகிறார்.

இளகினதே போடுங்க.
ஜூனில் கல்லணைத் திறப்பு,
மூன்றாவது வரிசையில் நிற்கணும்,
போட்டோ முடியும் வரை.